அஞ்சிய தந்தை



நம் வீட்டில் தந்தை குரலை உயர்த்தினால் நாம் சிரிப்பதில்லை. அடுத்த வீட்டுத் தந்தை குரலை உயர்த்தினாலோ சன்னலோரம் நின்று காது கொடுக்கிறோம். அதே குரலைத் திரையரங்கிலே கேட்கும்போது வாய்விட்டுச் சிரிக்கிறோம். இவ்வேறுபாடு எங்கிருந்து வருகிறது? தந்தை ஒருவரைப் பார்த்துப் பிள்ளைகள் சிரிப்பது முறைதானா? இவ்வினாக்களை ஒரு திரைப்படத்தைத் துணையாகக் கொண்டு இன்று சிறிது ஆராய விரும்புகிறேன். 1964-ஆம் ஆண்டில் வெளிவந்த ‘காதலிக்க நேரமில்லை’ என்பது அப்படம். அதிலே டி. எஸ். பாலையா ஏற்று நடித்த விசுவநாதன் என்னும் தந்தையே என் பேச்சுக்குப் பொருள்.

சினம் மிகுந்த முதியவர் நகைச்சுவை நாடகத்துக்குப் புதியவர் அல்லர். கிறித்து பிறப்பதற்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன்னரே உரோம நாட்டு நாடக ஆசிரியர் பிளாட்டஸ் அவரை மேடையேற்றிவிட்டார். பொற்குடம் ஒன்றைப் புதைத்து வைத்துக்கொண்டு உறக்கமின்றித் தவிக்கும் கிழவரைப் பற்றிய பிளாட்டஸின் நாடகத்தை அடியொற்றி, 1668-இல் பிரெஞ்சு நாட்டு மோலியேர் தம் கஞ்சனைப் படைத்தார். இந்நாடகங்களில் எல்லாம் வீட்டின் சாவி தந்தையின் மடியில் இருக்கும். மகனுக்குப் பணம் வேண்டும். மகளுக்கு மனம் விரும்பிய மணமகன் வேண்டும். இரண்டுக்கும் அந்தச் சாவியைத்தான் கேட்க வேண்டும். கேட்டால் கிடைக்காது. ஆகவே சூழ்ச்சி பிறக்கிறது. சின்னமலை எஸ்டேட் முதலாளி விசுவநாதனின் வீட்டுப் பூட்டும் இந்தப் பழைய பூட்டுத்தான்.

படத்தை இயக்கியவர் ஸ்ரீதர். ‘கல்யாணப் பரிசு’ (1959), ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ (1962) ஆகிய படங்களின் வாயிலாகக் கண்ணீருக்குப் பெயர் பெற்றவர் அவர். அவர் படத்துக்குச் செல்வோர் கைக்குட்டையை மறவாமல் எடுத்துச் சென்ற காலம் அது. அத்தகையவர், தம் செங்கற்பட்டுப் பள்ளித் தோழரான கோபுவுடன் சேர்ந்து, தொடக்கம் முதல் இறுதிவரை சிரிப்பு ஒன்றையே நம்பி ஒரு கதையை அமைத்தார். சமூகக் கதை ஒன்றை முழுவதும் ஈஸ்ட்மென் வண்ணத்தில் எடுப்பதும் தமிழுக்கு அப்பொழுது புதுமையே. ஏ. வின்சென்ட் ஒளிப்பதிவில் ஆழியாறு அணைப் பக்கமும், அதனைச் சூழ்ந்த மலைச் சரிவும், வண்ண வண்ண உடையணிந்த இளைஞர்களும் கண்ணைப் பறிக்கின்றன. விசுவநாதன் – இராமமூர்த்தி இசையைப் பற்றித் தனியே ஒரு பேச்சுத்தான் பேச வேண்டும். இங்கே அதற்கு இடமில்லை.

கதை எளியது. விசுவநாதனுக்கு ஒரு மகன், இரண்டு மகள்கள். மகன் செல்லப்பா திரைப்படம் எடுக்கும் கனவில் மிதப்பவன். ‘ஓஹோ புரொடக்‌ஷன்ஸ்’ என்று நிறுவனத்துக்குப் பெயரும் சூட்டிவிட்டான். பெயர் இருக்கிறது, பணம் இல்லை. மகள்கள் காஞ்சனாவும் நிர்மலாவும் சென்னையில் படிப்பை முடித்து வீடு திரும்புகிறார்கள். அவர்களைச் செல்வர் வீட்டில் கொடுக்க வேண்டும் என்பதே தந்தையின் ஒரே எண்ணம். எஸ்டேட்டில் வேலை பார்க்கும் அசோகன் என்ற ஏழை இளைஞனுக்கும் அப்பெண்களுக்கும் ஏற்பட்ட ஒரு சச்சரவினால் அவன் வேலை போகிறது. அவன் ஊரை விட்டுப் போகாமல் முதலாளியின் வீட்டுக்கு எதிரிலேயே கூடாரம் அடித்துக்கொண்டு, வேலையைத் திருப்பித் தருமாறு முதலாளியின் பெயரைச் சொல்லியே பாட்டுப் பாடுகிறான். நிர்மலாவின் மனம் இளகிக் காதலாகிறது. பிறகு அவன் தான் சிதம்பரம் என்னும் பெருஞ்செல்வரின் மகன் என்று ஒரு பொய்யை அவிழ்த்துவிடுகிறான். அப்பொய்யைக் காப்பாற்றத் தன் நண்பன் வாசுவை நரைத்த தலையும் தளர்ந்த நடையுமாகத் தந்தை வேடத்தில் அழைத்து வருகிறான். ஏமாற்ற வந்த வீட்டிலே தான் காதலிக்கும் காஞ்சனாவே மூத்த மகளாக இருப்பதை வாசு காண்கிறான். அதன் பின் நிகழும் குழப்பங்களை நான் விவரிப்பதைவிட நீங்களே பார்ப்பது நன்று.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். வேலையை இழந்த ஓர் இளைஞன் முதலாளியின் வாயிலில் நின்று நியாயம் கேட்கிறான். வேறு ஒரு படத்தில் இது கண்ணீர்க் காட்சியாகவோ கொதிப்பூட்டும் காட்சியாகவோ ஆகியிருக்கும். பெண்களோடு நேர்ந்த சிறு பூசலுக்காக ஒருவன் பிழைப்பைப் பறிப்பது சிறு பிழை அன்று. ஆயினும் படம் இதனைப் பாட்டும் ஆட்டமுமாக மாற்றிக் கடந்துவிடுகிறது. அது எனக்குச் சிறிது நெருடத்தான் செய்கிறது. அசோகன் பொய் சொல்லத் துணிந்ததை நாம் பெரிதாகக் குற்றம் சொல்லாமல் இருப்பதற்கும் காரணம் இதுவே என்று கருதுகிறேன். நியாயம் கேட்டபோது திறக்காத கதவு, பணக்காரன் மகன் என்றதும் திறந்துகொள்கிறது. பொய்யை அந்த வீட்டுக்குக் கற்றுக்கொடுத்தவரே விசுவநாதன்தான்.

கதவு திறந்துகொள்ளும் அந்த இடத்தில் பாலையாவின் குரலைக் கேட்க வேண்டும். நேற்றுவரை ஒருமையில் விரட்டிய அதே வாய் இன்று குழைகிறது. அக்குழைவிலும் ஒரு கணக்கு உண்டு. தந்தையின் செல்வத்தை நாடாமல் தன் உழைப்பில் வாழ வந்த பிள்ளையாம் இவன்! இவனையா நாம் விரட்டினோம் என்று மனிதர் உண்மையிலேயே உருகுகிறார். வறுமையாக இருந்தபோது இகழ்ச்சிக்கு உரியதாக இருந்த அதே எளிய கோலம், செல்வர் மகன் என்று அறிந்த நொடியில் பெருங்குணமாகிவிடுகிறது. சட்டை மாறவில்லை, சட்டைக்குள் இருப்பவனும் மாறவில்லை. குரல் மட்டும் மாறுகிறது. வானொலியிலே பேசும் எனக்கு முகத்தைக் காட்டும் வசதி இல்லை; ஆனால் பாலையாவைப் பொறுத்தவரை அது பெரிய குறையும் அன்று. திரைப்படங்களின் உரையாடலையும் பாடலையும் சுருக்கித் தொகுத்து ‘ஒலிச்சித்திரம்’ என்ற பெயரில் வானொலி நிலையங்கள் ஒலிபரப்பிய காலம் ஒன்று உண்டு. அதனைக் கேட்டுப் பழகியவர்கள், பாலையா ஒரு சொல்லை எங்கே இழுப்பார், எங்கே விழுங்குவார் என்பதைக் கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவார்கள்.

நாடகக் கம்பெனிகளில் பயின்று, 1936-இல் வெளிவந்த ‘சதி லீலாவதி’யின் வழியாகத் திரைக்கு வந்தவர் அவர். 1937-இன் ‘அம்பிகாபதி’யில் தியாகராச பாகவதருக்கு எதிரே நின்ற கொடியவர். அதன் பின்னும் பல ஆண்டுகள் வஞ்சகம் நிறைந்த பாத்திரங்களே அவரைத் தேடி வந்தன. இடையிடையே ‘தூக்குத் தூக்கி’யின் (1954) சேட்டு போன்ற சிரிப்பு வேடங்களையும் ஏற்றார். கொடியவனாக நடிப்பவனுக்குப் பிறரை அச்சுறுத்துவது தொழில். ஒரு பார்வையில் எதிரில் நிற்பவர் எவ்வாறு ஒடுங்குவர் என்பதை ஆண்டுக்கணக்கில் அருகிலிருந்து கண்டவர் அவர். அந்தப் பாடத்தைத் திருப்பி வைத்துத் தம்மேலேயே பயன்படுத்திக்கொண்டார் என்று சொல்லத் தோன்றுகிறது. அது நிகழ்ந்த இடம்தான் செல்லப்பா தன் தந்தைக்குக் கதை சொல்லும் காட்சி.

அந்தக் காட்சியை அறியாத தமிழர் குறைவு. செல்லப்பாவாக நாகேஷ். படமெடுக்கப் பணம் தர வேண்டுமென்றால் முதலில் கதையைச் சொல் என்கிற நிலையில் தந்தை அமர்ந்திருக்கிறார். மகனுக்கு ஏதும் தெரியாது என்ற முடிவோடுதான் அமர்ந்திருக்கிறார். மகன் ஓர் இருண்ட இரவைப் படைக்கத் தொடங்குகிறான். கதையென்று சொல்லத்தக்கது அதில் ஏதும் இல்லை. ஓசைதான் இருக்கிறது. கதவு கிறீச்சிடுவதும் அடிவைப்பு நெருங்குவதும் யாவும் நாகேஷின் வாயிலிருந்தே வருகின்றன. அமர்ந்திருப்பவரைச் சுற்றி அவர் வருகிறார், குரலைத் தாழ்த்துகிறார், திடீரென்று உயர்த்துகிறார். பாலையாவோ பேசுவதே இல்லை எனலாம். விழிகள் விரிகின்றன. உடல் ஒடுங்குகிறது. வீட்டை ஆட்டிப்படைத்த மனிதர், தம் பிள்ளையின் வாயிலிருந்து வரும் ஓசைக்கு நடுங்கிக்கொண்டு, தம் வீட்டு நாற்காலியிலேயே சிறுவராகிப் போகிறார்.

இக்காட்சியில் நாகேஷுக்கே பெரும்புகழ் வாய்த்தது, அது நியாயமே. ஆயினும் ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். நாகேஷின் ஓசைகளை மட்டும் தனியே கேட்டுப் பாருங்கள். வேடிக்கையான ஓசைகள் என்பதற்கு மேல் ஒன்றும் இல்லை. அவற்றைப் பேயாக ஆக்குவது எதிரில் இருப்பவரின் முகம். பயப்படுகிறவர் இல்லாவிட்டால் பேய் ஏது? ஸ்ரீதரே இக்கதையை 1966-இல் ‘பியார் கியே ஜா’ என்று இந்தியில் எடுத்தபோது, மெஹமூத் கதை சொல்ல ஓம் பிரகாஷ் கேட்டார். அங்கும் காட்சி வென்றதென்றால், கேட்டவரும் நல்ல நடிகராக வாய்த்ததே காரணம்.

இனி, தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு வருவோம். தொல்காப்பியர் மெய்ப்பாடுகள் எட்டினைக் கூறுமிடத்து, நகை தோன்றும் நிலைக்களன்கள் நான்கென்கிறார். பிறரை எள்ளுவது ஒன்று, இளமை ஒன்று, பேதைமை ஒன்று, மடன் ஒன்று. எள்ளல் என்பது ஒருவனைக் கீழே தள்ளி மேலே நின்று சிரிப்பது. மடன் என்பதோ வேறு. பிறர் சொன்னதை அப்படியே ஏற்றுக்கொண்டு, ஏற்றதை விடாமல் பற்றிக்கொள்ளும் இயல்பு அது. விசுவநாதனிடம் நாம் காண்பது இந்த மடன். சிதம்பரம் என்ற பெயர் காதில் விழுந்ததும் அதனைப் பற்றிக்கொள்கிறார். பொய்த் தாடிக்கும் நரைக்கும் பின்னே ஓர் இளைஞன் தவித்துக்கொண்டிருப்பதை அவர் கண்கள் காண்பதில்லை. காண விரும்புவதும் இல்லை. தம் கனவில் தாமே அகப்பட்ட ஒருவரைப் பார்த்துச் சிரிக்கிறோமே அன்றி, ஒரு முதியவரை அவமதித்துச் சிரிக்கவில்லை. மூவரில் எவரும் அவரைத் துன்புறுத்தும் நோக்கம் உடையவரும் அல்லர். அதனாலேதான் அந்நாளில் தந்தையரும் பிள்ளைகளும் ஒரே வரிசையில் அமர்ந்து அப்படத்தைப் பார்க்க முடிந்தது.

அச்சத்துக்கும் அதே இயலில் நான்கு நிலைக்களன்கள் சொல்லப்படுகின்றன. அச்சம் தரும் தெய்வமும் பேயும் அணங்கு என்ற சொல்லில் அடங்கும். அதன் பின் விலங்கு. அதன் பின் கள்வர். நான்காவதாகத் தன் இறை. இறை என்பதை அரசன் என்று மட்டும் கொள்ள வேண்டியதில்லை. ஒருவனைத் தன் ஆணைக்குள் வைத்திருக்கும் எவரும் அவனுக்கு இறையே. அவ்வகையில் செல்லப்பாவுக்கு இறை அவன் தந்தை. படம் முழுவதும் பணத்துக்காக அவன் அஞ்சி அஞ்சி நடப்பது அந்த நான்காவது அச்சத்தினால். கதை சொல்லும் காட்சியில் அவன் செய்வது என்ன? முதலாவது அச்சத்தை ஏவி நான்காவதை வெல்கிறான். இறையின் முன் அணங்கைக் கொண்டுவந்து நிறுத்துகிறான், இறை நடுங்குகிறார். கோபுவோ ஸ்ரீதரோ தொல்காப்பியத்தைப் புரட்டிவிட்டு இதனை எழுதினார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. பழைய இலக்கணத்தில் சொன்னது பழைய மனித இயல்பு. அது சின்னமலைக்கும் பொருந்துகிறது, அவ்வளவே.

இதனைக் கண்ட பிறகு படத்தை மீண்டும் முதலிலிருந்து பார்த்தால் விசுவநாதனின் சீற்றம் வேறாகத் தெரிகிறது. மகன் பணத்தைக் கரைத்துவிடுவானோ என்ற அச்சம். மகள்கள் எவனிடமாவது ஏமாந்துவிடுவார்களோ என்ற அச்சம். பெரிய மனிதரின் உறவு கைநழுவிப் போகுமோ என்ற அச்சம். உரத்த குரல் அந்த அச்சங்களுக்கு மேலே போர்த்திய போர்வை. மிகச் சத்தமாகப் பேசும் தந்தையர் பலர் உள்ளே நடுங்கிக்கொண்டிருப்பவர்கள் என்பதைப் பிள்ளைகள் மிகக் காலங்கடந்தே அறிகிறார்கள். என் அனுபவம் அப்படி.

ஆங்கிலத்தில் இதனோடு ஒப்பிடத்தக்க படம் ஒன்று உண்டு. டேவிட் லீன் இயக்கி 1954-இல் வெளிவந்த ‘ஹாப்சன்ஸ் சாய்ஸ்’. இங்கிலாந்தின் சால்போர்டு நகரத்துச் செருப்புக்கடை முதலாளி ஹாப்சனாகச் சார்லஸ் லாட்டன் நடித்தார். அவருக்கும் பெண்மக்கள், மூவர். கடையை நடத்துவதே மூத்தவள் மேகி. அவளுக்குத் திருமண வயது கடந்துவிட்டதென்று தந்தை எள்ளுகிறார். அவளோ பொய் வேடம் எதையும் நாடவில்லை. கடையின் நிலவறையில் செருப்புத் தைக்கும் தொழிலாளி ஒருவனின் கைத்திறனை மதிப்பிட்டு, அவனையே மணந்து, தனிக்கடை வைத்து, தந்தையைத் தொழிலிலே வெல்கிறாள். குடியில் மூழ்கிய தந்தை இறுதியில் அவளிடமே வந்து சேர்கிறார். இதனைப் பார்த்துவிட்டுச் சின்னமலைக்குத் திரும்பினால், கல்லூரியில் படித்துத் திரும்பிய காஞ்சனாவும் நிர்மலாவும் தந்தையின் எதிரே நின்று ஒரு வாதமும் செய்யவில்லையே என்ற குறை மனத்தில் எழாமல் இராது. அவர்களுக்காக ஆண்பிள்ளைகள் வேடம் கட்டுகிறார்கள். அவர்களுடைய படிப்புக்குக் கதையில் வேலையே இல்லை. இதனை நான் குறையாகவே சொல்கிறேன். மாணவியரும் அப்படியே கருதுவீர்கள் என்று நம்புகிறேன்.

இன்னொரு குறையும் உண்டு. குழப்பமெல்லாம் தெளிந்த பின் வாசு உண்மையாகவே செல்வர் வீட்டுப் பிள்ளை என்று தெரிகிறது. விசுவநாதனின் ஆசை அவர் மாறாமலே பாதி நிறைவேறிவிடுகிறது. மனிதரைப் பணத்தால் அளப்பது தவறு என்று இரண்டரை மணி நேரம் சிரிக்க வைத்த படம், முடிவில் அந்த அளவுகோலையே மெல்ல எடுத்து அவர் கையில் கொடுத்துவிடுகிறது. மோலியேரும் இதனையே செய்தார். இறுதிக் காட்சியில் எங்கிருந்தோ ஒரு செல்வத் தந்தை வந்து எல்லாச் செலவையும் ஏற்றுக்கொள்வார். நகைச்சுவை நாடகத்தின் பழைய பலவீனம் இது. ஏழையாகவே இருக்கும் அசோகனுக்கும் பெண் கிடைக்கிறது என்பது மட்டுமே ஆறுதல்.

பாலையா அதற்குப் பிறகும் தந்தையாகப் பலமுறை வந்தார். 1967-இல் மட்டும் ‘பாமா விஜயம்’, ‘ஊட்டி வரை உறவு’ என்று இரண்டு. ‘பாமா விஜய’த்துத் தந்தை, மருமகள்களின் ஆடம்பரத்தைத் திருத்த நினைக்கும் அறிவாளி, சிரிக்க வைப்பதோடு சிந்திக்கவும் வைப்பவர். என் நெஞ்சுக்கு நெருக்கமானவர் என்னவோ ஏமாந்த விசுவநாதன்தான். பாலையா 1972-இல் மறைந்தார்.

நான் இப்படத்தை முதன்முதலாகப் பார்த்தது வெளிவந்து சில ஆண்டுகள் கழித்து, எங்கள் ஊருக்கு வெளியே இருந்த டூரிங் கொட்டகையில். என் தந்தையார் பள்ளியில் கணக்கு ஆசிரியர். வீட்டில் அவர் செருப்பொலி கேட்டாலே நாங்கள் புத்தகத்தைத் தேடுவோம். சினிமா என்ற சொல்லே அவர் முன் எடுக்கக்கூடாது. அன்று ஊரிலிருந்து வந்திருந்த அத்தை பிடிவாதம் பிடித்ததால் அவரும் எங்களோடு வந்து, மணல் தரையில் துண்டை விரித்து, திரையைப் பார்த்து முறைத்தபடி அமர்ந்திருந்தார். செல்லப்பா கதை சொல்லத் தொடங்கினான். சிறிது நேரத்தில் என் பக்கத்திலிருந்து ஓர் ஓசை வந்தது. அப்பா சிரித்துக்கொண்டிருந்தார். அப்படி ஒரு சிரிப்பை நாங்கள் அதற்கு முன் கேட்டதில்லை. துண்டின் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். ஒற்றை இயந்திரக் கொட்டகை ஆதலால் சுருள் மாற்றும்போது விளக்கெரியும். விளக்கெரிந்தது. நானும் அண்ணனும் திரையை விட்டுவிட்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டுவிட்டார். தொண்டையைச் செருமினார்.

“என்ன இங்கே பார்வை? நேரே பார்த்து உட்காருங்கள்” என்றார்.

இரவு திரும்பும்போது புளியமரச் சாலையில் அரிக்கேன் விளக்குடன் அவர் முன்னே நடந்தார். பின்னால் வந்த அண்ணன், எங்கிருந்து அவனுக்கு அத்துணிவு வந்ததோ, நாகேஷைப் போலவே கதவு கிறீச்சிடும் ஓசையை வாயால் எழுப்பினான். அத்தை ‘சிவ சிவா’ என்றாள். அப்பா சட்டென்று நின்றார். எங்களுக்கு மூச்சே நின்றுவிட்டது. அவர் திரும்பவில்லை, அதட்டவும் இல்லை. விளக்கின் திரியை மட்டும் சற்றே உயர்த்திக்கொண்டு மேலே நடந்தார்.